போனை எடுப்பவருக்கு நம் மலை தெரியாது

(தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் என்னை மேடைக்கு அழைத்தார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பேச எனக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது ஒரு போன் அழைப்பைப் பற்றி. சுற்றிச் சுற்றி அதுவும் நம்முடைய பேரில்தான் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

போன வருடம் நம் தோட்டமொன்றின் கீழ்ப் பிரிவில் ஒரு சிறுத்தை கம்பியில் மாட்டியது உங்களில் பலருக்குத் தெரியும். ஆற்றோரம், தேயிலை முடிந்து மரக்கறிப் பாத்தி தொடங்கும் இடம். காலை ஆறேகாலுக்கு விறகுக்குப் போன ஒரு அக்காதான் முதலில் சத்தத்தைக் கேட்டார். ஓடிவந்து தலைவரிடம் சொன்னார். தலைவருக்கு முதலில் வந்தது சிறுத்தையைப் பற்றிய பயமில்லை. "அது யாருடைய பாத்தி? யாருடைய கம்பி? பொலிஸ் வந்தால் யாரைப் பிடிப்பான்?" என்ற பயம். லயத்து வாசலில் அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு தோட்டக் காரியாலயத்துக்குப் போனார்கள். அங்கே பெரியவர் வரட்டும் என்றார்கள். கடைசியில் ஒரு தம்பி துணிந்து போன் எடுத்தபோது மணி எட்டரை. அதற்குள் இருநூறு பேர் கூடிவிட்டார்கள்.

அந்தத் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த இடம்?" தம்பி தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "கீழ்ப் பிரிவு, ஆறாம் நம்பர் மலைக்குக் கீழே, பழைய சவுக்கு மரத்தடி" என்றான். நமக்கு அது போதும். கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்போம். ஆனால் அதே பெயரில் இன்னொரு தோட்டம் இருக்கிறது. அதற்கும் ஒரு கீழ்ப் பிரிவு இருக்கிறது. ஜீப் அங்கே போய்விட்டது. திரும்பி நம் பக்கம் வந்தபோது பதினொரு மணி. மிருக வைத்தியர் வந்து சேர இரண்டு மணியானது. சிறுத்தை ஒரு மணிக்கே செத்துவிட்டது.

அந்த அக்காவை இரண்டு முறை வாக்குமூலத்துக்கு அழைத்தார்கள். இரண்டு நாள் பேர் போனது. சிறுத்தை மாட்டிய அன்று அந்த மலையில் கொழுந்து எடுக்கவிருந்த எல்லோருக்கும் அரைப் பேர்தான் விழுந்தது. "இனி எதைக் கண்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் சேர்" என்று அக்கா என்னிடம் சொன்னார். அந்தச் சொல்தான் இன்றைக்கு என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்த ஒரு பையன் இப்போது வனசீவராசிகள் வேலையில் இருக்கிறான். காட்டுக்குள் போகிற வேலை இல்லை, போனுக்கு முன்னால் இருக்கிற வேலை. அழைப்பு வந்தால் எடுத்து, கேட்டு, எழுதி, எந்த அதிகாரிகளை எங்கே அனுப்புவது என்று பார்த்து, அவர்கள் திரும்பி வரும்வரை அவர்களோடு தொடர்பில் இருப்பது. நம் தோட்டத்துக் கதையை அவனிடம் சொன்னேன். அன்றைக்கு அந்த அழைப்பை எடுத்தவன் அவனில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது ஒரே வரி: "சேர், ஒரு பாலத்தைச் சொல்லியிருந்தால் போதும்."

பிறகு தன் வேலையைச் சொன்னான். எதிரே சுவர்தான் இருக்கிறது. மலையும் தெரியாது, மிருகமும் தெரியாது. காதில் விழுகிற குரலை வைத்துத்தான் எல்லாம். கூப்பிடுகிற ஆள் ஓடிக்கொண்டே பேசுவார், அழுவார், பின்னால் நூறு பேர் கத்துவார்கள். அதனால்தான் முதல் கேள்வி "என்ன நடந்தது?" என்று இருக்காது, "எங்கே?" என்று இருக்கும். நம் பக்கத்து சிக்னல் எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. இடம் தெரிந்த பிறகு அறுந்தால் வண்டியை அனுப்பலாம். நடந்தது மட்டும் தெரிந்து இடம் தெரியாவிட்டால் அவன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அடுத்த கேள்வி, யாருக்காவது காயமா என்பது. காயமென்றால் முதலில் 1990 அம்புலன்ஸ், பிறகுதான் மிருகம். அதற்கும் அடுத்து, திருப்பி அழைக்க ஒரு நம்பர்.

துவக்குச் சத்தம் கேட்டது, காட்டுக்குள் டோர்ச் வெளிச்சம் தெரிகிறது, இறைச்சி கொண்டுபோகிறார்கள் என்று வரும் அழைப்பில் கேள்விகள் மாறும். எத்தனை பேர், துவக்கு இருக்கிறதா, என்ன வாகனம், எந்தப் பக்கம் போகிறார்கள். இதையெல்லாம் ஏன் நோண்டுகிறான் என்று நமக்குக் கோபம் வரும். இரவில் அந்தக் காட்டுக்குள் போகப்போவது இரண்டு மூன்று அதிகாரிகள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டுத்துவக்கு வைத்த பாதையா என்று தெரியாமல் அனுப்பினால், காலில் வெடி வாங்குவது அவர்கள். விறகுக்குப் போகும் நம் ஆட்களும் அதே பாதையில்தான் நடக்கிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அவனுக்கு மிகவும் கஷ்டமான நேரம் அனுப்பிய பிறகு வருவதுதானாம். அதிகாரிகள் சிக்னல் இல்லாத பள்ளத்தில் இறங்கிவிடுவார்கள். அரை மணிக்கொருமுறை அழைத்துப் பார்ப்பான், மணி அடிக்காது. அந்த நேரத்தில் இன்னொரு அழைப்பு வரும். வரிசையில் எது முதல், எது பிறகு என்று அவன்தான் முடிவெடுக்க வேண்டும். நாட்டின் மற்றப் பக்கங்களில் இதே திணைக்களத்துக்கு யானைப் பிரச்சினை. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். வண்டியும் ஆளும் வைத்தியரும் எப்போதும் பற்றாக்குறைதான். மத்திய மலைநாட்டுக்கு வரும் மிருக வைத்தியர் ரந்தெனிகலையிலிருந்து புறப்பட்டால், அட்டன் பக்கத்துக்கு வர எத்தனை வளைவு, எத்தனை மணி என்று பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். நாம் லயத்து வாசலிலும் காரியாலயத்திலும் தொலைத்த இரண்டு மணித்தியாலம் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

கம்பியில் மாட்டிய மிருகத்துக்கு நேரம் என்றால் என்ன என்றும் அவன் சொன்னான். காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்கு அது. பெரும்பாலும் பைசிக்கிள், மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி. சிறுத்தை இழுக்க இழுக்க இறுகும். வெளியே சின்னக் காயம்தான் தெரியும், உள்ளே குடலும் சிறுநீரகமும் நசுங்கியிருக்கும். ஆட்கள் கூடிக் கத்தினால் இன்னும் இழுக்கும். மயக்க ஊசி போட்டாலும், வெறிபிடித்த மிருகத்துக்கு அது ஒழுங்காக ஏறாது. 2020 மே மாதம் நல்லதண்ணிக்குப் பக்கத்தில் லக்சபானத் தோட்டத்தில் மாட்டிய கருஞ்சிறுத்தையை நினைத்துப் பாருங்கள். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் செத்தது. கருஞ்சிறுத்தை இந்த நாட்டில் கண்ணில் படுவதே அபூர்வம். நாடே அழுதது. அந்தக் கம்பியைப் பற்றி நாம் வாய் திறக்கவில்லை.

நான் இப்போது சொல்வது சிலருக்குப் பிடிக்காது. கம்பி வைப்பவன் எல்லோரும் வெளியாள் இல்லை. பன்றி ஒரே இரவில் பீட்ரூட் பாத்தியைப் புரட்டிவிட்டுப் போகும்போது வயிறு எரிகிறது, அது உண்மை. அந்த நட்டத்துக்கு நமக்கு யாரும் ஒரு சதம் தருவதில்லை, அதுவும் உண்மை. ஆனால் சிறுத்தை பாதுகாக்கப்பட்ட மிருகம். அதைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. அது நம் கம்பியில் செத்தால் கூட்டில் நிற்பது நாம்தான். 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை ஆட்கள் சேர்ந்து அடித்துக் கொன்றார்கள். தாங்களே எடுத்துப் போட்ட வீடியோவால் மாட்டிக்கொண்டார்கள். நம் கீழ்ப் பிரிவிலும் அன்றைக்குக் கையில் போன் இல்லாத ஆள் இல்லை. இருநூறு பேரில் அந்தப் போனால் வனசீவராசிகளைக் கூப்பிட்டவன் ஒருவன்.

கூப்பிட வேண்டிய நம்பர் 1992. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர நம்பர் அது. 1990 உங்களுக்கு மனப்பாடம், அதற்குப் பக்கத்திலேயே இதையும் வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் 119.

கூப்பிட்டால் மலையின் நம்பரைச் சொல்லாதீர்கள். கிட்ட இருக்கிற டவுன், அங்கிருந்து எந்தப் பாதை, எத்தனையாவது கிலோமீற்றர், பக்டரியா, பாலமா, பாடசாலையா, கோயிலா, அதைச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு நாம் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, பதிவில் உள்ள பெயர் ஒன்று. இரண்டையும் சொல்லுங்கள். ஜீப் எதுவரை வரும், அதற்கு மேல் நடையா என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பத் தெரிந்த பிள்ளை எந்த லயத்திலும் ஒன்று இருக்கும், அதைக் கூப்பிடுங்கள். பிறகு ஒரு ஆளை சந்தியில் நிறுத்துங்கள். இது நான் சொல்வதில்லை, என் பையன் மூன்று முறை சொன்னது: "சேர், சந்தியில் ஒரு ஆள் நின்றால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது."

வண்டி வரும்வரை கிட்டப் போக வேண்டாம். கம்பியைக் கட்டியிருப்பது ஒரு தேயிலைச் செடியிலோ குச்சியிலோ இருக்கும். அது பிடுங்கிக்கொண்டால் முதலில் நிற்பவருக்குத்தான். நாயைக் கட்டுங்கள், பிள்ளைகளை லயத்துக்கு அனுப்புங்கள். கொழுந்து எடுக்கும்போது செடிக்கடியில் சிறுத்தைக் குட்டியைக் கண்டால் தூக்கவே கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வரும். நீங்கள் தூக்கினால் அது உங்களைத் தேடி வரும். அந்த மலையை விட்டு எல்லோரும் இறங்கிவிட்டுப் போன் எடுங்கள்.

"இறங்கினால் பேர் போகுமே" என்று பின்வரிசையில் ஒரு அம்மா சொல்வது எனக்குக் கேட்கிறது. சரியாகச் சொன்னீர்கள். இங்கேதான் சங்கம் வருகிறது.

மிருகம் நிற்கிறது என்று சொன்ன குற்றத்துக்கு ஒரு தொழிலாளியின் சம்பளம் குறையுமானால், நாளைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாத மலையில் ஒரு நாள் ஒரு பெண்ணின் முகத்தைச் சிறுத்தை கிழிக்கும். வேலை நேரத்தில், வேலைத்தலத்தில் வருகிற ஆபத்து அது. குளவி கொட்டினாலும், சிறுத்தை பாய்ந்தாலும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் கேட்க நமக்கு வழி இருக்கிறது. ஆனால் காயம் வந்த பிறகு நட்டஈடு கேட்பதைவிட, வருவதற்கு முன்னால் மலையை விட்டு இறங்க உரிமை கேட்பது மேல். ஆகவே நிர்வாகத்திடம் நாம் எழுத்தில் வைக்கப்போகும் முதல் கோரிக்கை: வனவிலங்கு காரணமாக மலையை நிறுத்தினால் அன்றைக்கு முழுப்பேர். தகவல் கொடுத்தவர் வாக்குமூலத்துக்குப் போகும் நாளுக்கும் முழுப்பேர்.

இரண்டாவது, தொழிலாளி நேரே போன் எடுக்கலாம், பெரியவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் அறிவிக்க வேண்டும். வாக்குமூலம் கொடுக்கப் போகிறவரோடு சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போவார். அதை நான் இன்றைக்கே உறுதி சொல்கிறேன். தகவல் சொன்னவரைச் சந்தேக ஆளாக உட்காரவைக்க விடமாட்டோம்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. பதறிப்போயிருக்கும் ஒரு ஆத்தாவுக்கு அந்த நேரத்தில் வாயில் வருவது தமிழ்தான். மலையகத்துக்கு அழைப்பு எடுக்கும் எந்த அவசர மேசையிலும், இரவிலும் பகலிலும், தமிழ் பேசும் ஒருவர் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்பில் கடைக்குப் போகிறார்கள். இந்த வேலைகளுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். என்னுடைய பையன் போட்டான், கிடைத்தது. சிங்களத்தை லொறியில் எடுபிடியாக நின்றபோதுதான் படித்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். (வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு உதவியதா என்று கேட்கவில்லை. கேட்கப் பயமாகத்தான் இருந்தது.)

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு பிரிவின் பிரட்டுக்களத்திலும் ஒரு பலகை வைக்கப்போகிறோம். தோட்டத்தின் பதிவுப் பெயர், நம் பெயர், பிரிவு, கிட்ட உள்ள சந்தி, பாலம், ஜீப் வரும் கடைசி இடம், 1992, 1990, 119. மூன்று மொழியிலும். பாடசாலைப் பிள்ளைகள் எழுதுவார்கள், பெயின்ட் செலவு சங்கத்தினுடையது. மலைகளின் பழைய பெயர்கள் வயதானவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கீழ்ப் பிரிவில் தொடங்குகிறோம். அந்த அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாலத்தைக் காட்ட வேண்டியது அவர்தான்.