முதலில் பார்ப்போம், பிறகு கை தூக்குவோம்

(ஜூன் மாதம் நம் சமுதாயக் கூடத்தில், குடியிருப்போர் எடுத்த புகைப்படங்களின் கண்காட்சியைத் தொடங்கியபோது பேசியது)



இந்தச் சுவரில் 18 படங்கள் மாட்டியிருக்கிறோம். எல்லாம் நம் காம்பவுண்டுக்குள் எடுத்தவை. பாதிக்கு மேல் பிள்ளைகள் எடுத்தது. செயலாளர் என்னிடம், "பத்து நிமிஷம் பேசுங்க சார், அந்தப் புங்கமரத்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். மரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தக் கண்காட்சி இரண்டாவது மாடி டீச்சரம்மாவின் யோசனை. வெளிநாடுகளில் சில தேவாலயங்களில் பக்கத்துக் கூடத்தில் இலை, மரம், தண்ணீர், பறவை என்று புகைப்படங்களை மாட்டி வைப்பார்களாம். ஜெபம் முடிந்தவர்கள் சத்தமில்லாமல் நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம். "சர்ச்சுக்கும் போட்டோவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன். "எங்க அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் பூசணியும் வாழைத்தாரும் ஆலயத்துக்குள்ள வருதே, அது மாதிரிதான்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் நமக்கும் இது புதிதில்லை. கோயிலுக்குக் கோயில் தலமரம் இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் போனவர்களுக்குத் தெரியும். அது சமணர் குகைக்கோயில். அதன் விதானத்தில் ஒரு தாமரைக் குளத்தையே வரைந்திருக்கிறார்கள். மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் அதில் உண்டு. வரைந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. வழிபாட்டு இடத்தில் மனம் கொஞ்சம் அடங்கியிருக்கும். அப்போது ஒரு குளத்தைக் காட்டினால் நின்று பார்ப்போம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கேமராவைத் தியானம் மாதிரிப் பிடித்த ஒரு துறவியைப் பற்றிச் சொல்கிறேன். தாமஸ் மெர்ட்டன் என்று பெயர். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில், பேச்சைக் குறைத்து மௌனம் காக்கும் ஒரு மடத்தில் 1941-ல் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் நண்பர் இரவல் கொடுத்த கேமராவில் படம் எடுத்தார். அழகான காட்சிகளை அவர் தேடிப் போகவில்லை. மரத்தின் வேர், வெட்டுப்பட்ட அடிக்கட்டை, பழைய நாற்காலி, வெயில் விழுந்த பலகை என்று கண்முன் கிடந்தவற்றை எடுத்தார். எதையும் திருத்தி வைக்காமல், இருப்பது இருக்கிறபடி தெரியட்டும் என்று காத்திருந்தார்.

அவர் நம் பக்கமும் வந்திருக்கிறார். 1968 நவம்பர் கடைசியில் சென்னைக்கு வந்து பரங்கிமலையும் மாமல்லபுரமும் பார்த்தார். அங்கிருந்து இலங்கை போனார். பொலன்னறுவையில் கல் விகாரைப் புத்தர் சிலைகளுக்கு முன் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று படம் எடுத்தார். அடுத்த சில நாட்களில், டிசம்பர் 10 அன்று, பாங்காக் அருகே இறந்துபோனார். அவர் எடுத்த படங்கள் பிறகு புத்தகமாகவும் கண்காட்சியாகவும் வந்தன.

துறவிக்குத்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் மா. கிருஷ்ணன் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். பத்மஸ்ரீ பெற்றவர். யானைகளைக் காட்டில் நடந்தே போய்ப் படம் எடுத்தவர், அதுவும் கறுப்பு வெள்ளையில். அதே மனிதர் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவற்றில் காட்டு விலங்கு மட்டுமில்லை. காக்கையும் அணிலும் பல்லியும் வந்தன. 46 வருஷம் எழுதுவதற்கு வீட்டைச் சுற்றியே அவருக்கு அவ்வளவு விஷயம் கிடைத்திருக்கிறது.

இனி என் கதை. வங்கியில் என் வேலையில் பெரும்பகுதி கையெழுத்து ஒத்துப்பார்ப்பது. செக்கில் இருப்பதையும் எங்களிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்து, சுழி, கோடு, புள்ளி வரை பார்ப்பேன். பார்க்காமல் பாஸ் செய்தால் பணம் போய்விடும். அப்படிப்பட்ட நான், சென்ற பிப்ரவரியில் ஒரு கடிதத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பின்பக்கப் புங்கமரத்தை வெட்டிவிட்டு மூன்று கார் நிறுத்த இடம் செய்யலாம் என்ற கடிதம்தான் அது. அதில் என் பெயர் நான்காவதாக இருக்கிறது.

மார்ச்சில் இந்தக் கண்காட்சிக்கென்று ஏதாவது எடுக்கலாமே என்று கீழே இறங்கினேன். பக்கத்தில் இருந்தது அந்த மரம். தினம் காலை ஆறரைக்கு ஒரே இடத்தில் ஐந்து நிமிஷம் நிற்பேன். போன் சட்டைப்பையில் இருக்கும். கடைசியில்தான் எடுத்து ஒரே ஒரு படம் எடுப்பேன். முதலில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. பத்துப் பதினைந்து நாளில் கண் கூசும் பச்சையில் தளிர் வந்தது. பிறகு பூ. இத்தனை வருஷமாகக் காரின் மேல் குப்பை என்று நான் துடைத்துத் தள்ளியது, பொரி சிதறின மாதிரி இருக்கும் அந்தப் பூவைத்தான். கிளையில் வண்டும் தேனீயும் இரைகிற சத்தமும் அப்போதுதான் காதில் விழுந்தது. ஒன்பது வருஷமாக இங்கே குடியிருக்கிறேன். இந்த மரம் பூக்கும் என்று எனக்குத் தெரியாது.

இது ஆரணி. பட்டுச்சேலை பார்டரில் மயிலும் அன்னமும் மாங்காயும் வைத்துப் பிழைக்கிற ஊர். தறியில் உட்கார்ந்தவருக்குப் பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட கண்கள் உள்ள ஊரில் நமக்கு ஒரு முழு மரமே கண்ணில் படவில்லை.

கார் வைத்திருப்பவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். இரவு தாமதமாக வருபவர் தெருவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. வேர் சம்ப் சுவர்ப் பக்கம் போகிறது என்பதையும் பொறியாளரை வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். வெட்டவே கூடாது என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. என் கையெழுத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம், போட்டபோது நான் அந்த மரத்தைப் பார்த்திருக்கவில்லை.

ஆகஸ்ட் பொதுக்குழுவில் இது ஓட்டுக்கு வருகிறது. அதற்குள் வீட்டுக்கு ஒருவர், ஒரே ஒரு நாள், மரத்தடியில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பிறகு ஒரு படம் எடுங்கள். ஜூம் வேண்டாம், கலர் மாற்ற வேண்டாம். அதைச் செயலாளருக்கு அனுப்பினால் இந்தச் சுவரில் மாட்டிவிடலாம். அத்தனை படங்களையும் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் கை தூக்கினாலும் எனக்குச் சம்மதம்.