களிம்பு போகாமல் ஈயம் ஒட்டாது

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். "துருவைப் பத்தி" என்றேன். குடும்பத்தோடு வந்திருக்கும் கூட்டத்தில் துருவைப் பற்றி யார் கேட்பார்கள் என்று அவருக்குக் கவலை. ஆனால் நான் என் பணிக்காலம் முழுவதையும் தண்ணீர்த் தொட்டி, குழாய், கழிவுநீர்த் தொட்டி என்றே கழித்தவன். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்? பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வறையில் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம்முடைய ஊர் தண்ணீரை மலையிலிருந்து வாங்கிக்கொள்ளும் ஊர். கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் கீழே இறங்கி வருகிறது. கச்சிராயப்பாளையத்துக்குப் பக்கத்தில் 1965-ல் கட்டி முடித்த கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. அந்த அணையின் மதகு ஷட்டரிலிருந்து தெருமுனைத் தொட்டி வரைக்கும் தண்ணீர் தொடுகிற பொருள் இரண்டே இரண்டுதான். ஒன்று இரும்பு, இன்னொன்று கான்கிரீட். நாம் பயன்படுத்திய தண்ணீர் கழிவாக வெளியே போகும்போதும் அதே இரண்டைத்தான் தொட்டுக்கொண்டு போகிறது. இந்த இரண்டையும் அரிப்பிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்பதுதான் என் பேச்சு.

இதை நமக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் எந்த இன்ஜினியரும் இல்லை. ஈயம் பூசுகிறவர்தான். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். "ஈயம் பூசறதேய்" என்று குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் வருவார். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். அவர் எடுத்தவுடனே ஈயத்தைத் தொட மாட்டார். முதலில் பாத்திரத்தை மணலும் புளியும் போட்டுத் தேய்ப்பார். பிறகு நெருப்பில் காய்ச்சுவார், நவச்சாரத்தைத் தூவுவார், குப்பென்று புகை வரும். உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் ஈயக் கட்டியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் துடைத்துவிடுவார். பூச்சு வேலை அரை நிமிஷம். அதற்கு முன்னே நடந்தது கால் மணி நேரம். இன்றைக்குப் பல லட்ச ரூபாய் எபாக்சி வேலையிலும் கணக்கு இதேதான்.

சரி, எது அரிக்கிறது? இதைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. நம்ம பக்கத்தில் பகைவர்கள் நான்கு பேர்.

முதல் பகைவர் காற்றும் குளோரினும். புதுக் கான்கிரீட்டின் பி.எச். அளவு ஏறத்தாழ 12.5-க்கு மேல். அந்தக் காரத் தன்மை இருக்கும்வரை உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. 9-க்குக் கீழே வந்துவிட்டால் கம்பிக்குக் காவல் இல்லை. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடித்துப் பொத்துப் பொத்தாக விழுகிறது. மேல்நிலைத் தொட்டிக்குள் முதலில் கெடுவது எது தெரியுமா? தண்ணீரில் மூழ்கிய சுவர் இல்லைங்க, மேல் மூடியின் அடிப்பாகம். குளோரின் ஆவியும் வேர்வை மாதிரி படிகிற ஈரமும் அங்கேதான் சேருகின்றன. வெளியே வருஷா வருஷம் வண்ணம் அடித்து ஊர்ப் பெயரை எழுதிவிடுகிறோம். உள்ளே அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்?

இரண்டாம் பகைவர் சாக்கடை வாயு. கழிவுநீரில் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், அதிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் என்போமே, அதுதான். அந்த வாயு மேலே எழும்பி ஈரமான கூரையில் ஒட்டுகிறது. அங்கே வேறொரு வகை நுண்ணுயிர் அதைச் சாப்பிட்டுக் கந்தக அமிலமாக்கிவிடுகிறது. 1945-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துச் சாக்கடைக் குழாய்களை ஆராய்ந்த பார்க்கர் என்பவர் இந்த நுண்ணுயிரைப் பிரித்துக் காட்டினார். அந்த இடத்தில் பி.எச். 2-க்கும் கீழே போகும். கான்கிரீட் ஊறிய ரொட்டி மாதிரி ஆகிவிடும், விரலால் வழிக்கலாம். இங்கேயும் கெடுவது தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான். கீழே நின்று பார்க்கிறவருக்குத் தொட்டி நன்றாக இருப்பது போலவே தெரியும்.

மூன்றாம் பகைவர் நம் ஊர்த் தொழிலிலேயே பிறந்தவர். மரவள்ளி, நம்ம பேச்சில் குச்சிக்கிழங்கு, மலையிலும் சின்னசேலம் பக்கமும் எவ்வளவு விளைகிறது என்று உங்களுக்குத் தெரியும். கிழங்கை அரைத்து மாவைப் படியவைத்து எடுத்த பிறகு மிஞ்சுகிற நீர், ஒரு நாள் நின்றாலே புளித்துவிடும். இட்லி மாவு புளிப்பதும் இதுவும் ஒரே சங்கதி. சர்க்கரை ஆலைக் கழிவுநீரிலும் இனிப்பு புளிப்பாகிறது. அந்தப் புளிப்பு சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். சேகோ ஆலைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கிற கலன்களில் புளிப்போடு இரண்டாம் பகைவரும் கூட்டுச் சேர்ந்துகொள்கிறார்.

நான்காமவர் சாதுவாகத் தெரிகிறவர்: மலைத் தண்ணீர். மழைநீரும் பாறை ஊற்று நீரும் பெரும்பாலும் மென்னீர். குடிக்க இனிக்கும். ஆனால் தன்னிடம் சுண்ணாம்பு இல்லாததால், தொட்டிச் சுவரிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளப் பார்க்கும். நீர் சுண்ணாம்பைப் படியவிடுமா, கரைக்குமா என்று கணக்குப் பார்க்க லாங்கலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1936-லேயே ஒரு குறியீடு வகுத்துக் கொடுத்தார். வேதியியல் படிக்கும் தம்பிகள் நம் ஆய்வகத்திலேயே அதைக் கண்டுபிடிக்கலாம். வெள்ளிமலைத் தொட்டிக்கும் கள்ளக்குறிச்சி ஆழ்துளைக் கிணற்று நீர்த் தொட்டிக்கும் ஒரே மருந்து எழுதுவது, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போல.

பகைவர் யார் என்று தெரிந்தால் பூச்சைத் தேர்ந்தெடுப்பது கடினமில்லை. இரும்புக் குழாயின் உட்புறத்துக்குச் சாதாரண சிமெண்ட் சாந்தே நல்ல காவல். 1922-ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் தொடங்கிய இந்த முறை இன்றுவரை உலகம் முழுதும் நடக்கிறது. கழிவுநீர்க் குழாய்க்கு அலுமினா அதிகமுள்ள சிமெண்ட் தாங்கும். குடிநீர்த் தொட்டிக்குக் குடிநீருக்கென்றே சான்று பெற்ற எபாக்சி. தார் கலந்த எபாக்சி மலிவு, வலுவும் உண்டு, ஆனால் அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் இருப்பதால் குடிநீர்ப் பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது. சாக்கடை வாயு கடுமையாக இருக்கும் இடத்தில் பெயிண்ட் போதாது. கான்கிரீட் வார்க்கும்போதே பதித்துவிடுகிற பிளாஸ்டிக் தகடு உண்டு, கண்ணாடியிழைப் படலம் உண்டு.

பூச்சு என்பது கடைசிக் காவல்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் காவல் நல்ல கான்கிரீட். கம்பிக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் கவர் என்று 2000-ஆம் ஆண்டு ஐ.எஸ். 456 சொல்கிறது: சாதாரண இடத்தில் 20, மிகக் கடுமையான இடத்தில் 75. கம்பி வெளியே எட்டிப் பார்க்கிற தொட்டிக்கு எந்த வெளிநாட்டுப் பெயிண்டாலும் உயிர் கொடுக்க முடியாது.

இனி ஈயக்காரர் பாடத்துக்கு வருகிறேன். இரும்பாக இருந்தால் மணல் போன்ற துகளைப் பீச்சி உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை துடைக்க வேண்டும். கான்கிரீட்டாக இருந்தால் மேலே காய்ந்திருக்கிற சிமெண்ட் பாலைச் சுரண்டி எடுக்க வேண்டும். அது பார்க்க வழவழப்பாக இருக்கும். பூச்சு அதோடுதான் ஒட்டும், அது சுவரோடு ஒட்டாது. முடிவில் இரண்டும் சேர்ந்து தோலாக உரியும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு இரவு விட்டு, காலையில் உரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. மலைமேல் பனி மூடிய காலையில் இரும்பின் மீது பூச்சு அடிக்கவே கூடாது. பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பு 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி.

ஒரு ஊரில் ஒரு ஒப்பந்தக்காரர் என்னிடம் சொன்னார்: "சார், மூணு கோட் அடிச்சிருக்கேன், கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க." கண்ணாடி மாதிரிதான் இருந்தது. துளை காட்டும் கருவியின் ஈரப் பஞ்சை வைத்து ஓட்டினோம். ஒரு சுவருக்குள் பல இடத்தில் மணி அடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள். ஒரே ஒரு துளை போதும், அரிப்பு முழுவதும் அங்கேயே குவியும். ஓட்டைக் குடையைவிட ஓட்டைப் பூச்சு மோசம். குடை நனைவதையாவது நாம் உணர்கிறோம்.

இதில் மனித உயிரும் இருக்கிறது. தொட்டியின் உட்பக்கத்தைப் பூச ஒரு ஆள் உள்ளே இறங்க வேண்டும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும், தீப்பற்றும். கழிவுநீர்த் தொட்டியின் வாயு இன்னும் கொடியது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. பாதுகாப்பில்லாமல் ஆளைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. நன்றாகப் பூசிய தொட்டிக்குள் பழுது பார்க்க இறங்க வேண்டிய தேவை குறைவு. அரைகுறையாகப் பூசிய தொட்டிக்குள் திரும்பத் திரும்ப இறங்க வேண்டும். இறங்குபவர் யாருடைய பிள்ளை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையில் உலகத்தரமான நிறுவனம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். உப்புக்காற்று வீசும் பாம்பனில் 1914-ல் வந்த பாலம் நூறாண்டு தாண்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற பூச்சு பூசியிருக்கிறார்கள். வேதியியலோ நுண்ணுயிரியலோ படித்துவிட்டு வேலை எங்கே என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் பாடம் ஒவ்வொரு ஊர்த் தொட்டிக்குள்ளும் காத்துக்கொண்டிருக்கிறது.

நண்பர்களே, உங்களில் ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறீர்கள், ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறீர்கள், ஆலை நடத்துகிறவர்கள், பள்ளித் தலைமை ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். 2019-ல் நமக்கென்று ஒரு மாவட்டம் வந்தது. அதே ஆண்டில் அறிவித்த வீட்டுக்கு வீடு குழாய்த் திட்டத்தால் புதுத் தொட்டிகளும் எழுந்தன. என் கோரிக்கை மூன்றுதான். மதிப்பீட்டில் பணம் குறையும்போது தளம் தயாரிக்கும் செலவில் கை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் துளைச் சோதனை செய்து காட்டச் சொல்லிவிட்டுப் பில்லில் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: என்ன தண்ணீர், என்ன பூச்சு, எந்தத் தேதி, அடுத்து எப்போது பார்க்க வேண்டும். பிள்ளைகள் கீழே விளையாடுகிற பள்ளித் தொட்டியிலிருந்து அதைத் தொடங்கினால் நல்லது.