குளக்கட்டும் கணினியும்

திருகோணமலையின் பெருமை கடலால் மட்டும் அமைந்ததன்று. துறைமுகத்திற்குத் தென்மேற்கே மண்ணால் எழுந்த பெருமையொன்று உண்டு. அதுவே கந்தளாய்க் குளம். தமிழ் மரபு அதனைக் குளக்கோட்டு மன்னனோடு இணைத்துப் பேசும். சிங்கள வரலாறு இரண்டாம் அக்கபோதி மன்னனோடு இணைத்துரைக்கும். எம்மன்னன் கட்டுவித்தாலும், கூடை கூடையாக மண் சுமந்த தோள்கள் பெயரறியாக் குடிமக்களின் தோள்களே.

இக்காலத்தில் அத்தோள்களின் வேலையை மண் அகழும் இயந்திரமும் டிப்பரும் ரோலரும் செய்கின்றன. அவ்வியந்திரங்களுக்கு வழிகாட்டச் செயற்கை நுண்ணறிவும் வந்துள்ளது. அது செய்வது யாது?

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். அகழும் இயந்திரம் ஒரு டிப்பரை நிரப்ப ஐந்து நிமிடம் வேண்டும். டிப்பர் சென்று, மண்ணைக் கொட்டித் திரும்ப இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஆறு டிப்பர்கள் இருப்பின் எதுவும் காத்து நிற்காது. மூன்றே இருப்பின் அகழும் இயந்திரம் பாதி நேரம் சும்மா நிற்கும். பத்து இருப்பின் வரிசையில் நின்று டீசலை வீணே எரிக்கும். வாடைக்காற்று மழையால் பாதை சேறாகி, போய்வர முப்பத்தைந்து நிமிடம் ஆயின் எட்டு டிப்பர்கள் தேவைப்படும். பாதையும் மழையும் மண்ணின் தன்மையும் நாழிகைக்கு நாழிகை மாற, கணக்கும் மாறும். செய்மதி வழியே ஒவ்வொரு வாகனத்தின் இருப்பிடத்தையும் அறிந்து, இம்மாற்றத்தை உடனுக்குடன் கணித்துரைப்பதே அந்நுண்ணறிவின் தொழில்.

சிலி நாட்டுச் செப்புச் சுரங்கமொன்றில் 2008ஆம் ஆண்டிலேயே சாரதியில்லாப் பாரவூர்திகள் ஓடத் தொடங்கின. மண் எங்கே இறுகியது, எங்கே இளகியுள்ளது என உருளும்போதே அளந்து படமாகக் காட்டும் ரோலர்களும் உள.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் விடியற்காலத்தே கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றிருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியமையும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது.

இங்கேதான் சிந்திக்க வேண்டும். "செலவைக் குறை, காலத்தைக் குறை" என்று மட்டும் கட்டளையிட்டால், கணினி மிகக் குறுகிய வழியையே தேடும். அவ்வழி பழைய குளக்கட்டின் மேலாகச் செல்லினும் அதற்குக் கவலையில்லை. "இக்கட்டின்மேல் இத்தனை தொன்னுக்கு மேல் ஏறலாகாது, மண் இறுகுமுன் அடுத்த படை இடலாகாது" என்னும் வரம்பை முன்னரே விதித்தல் பொறியியலாளன் கடன். கட்டின் கீழே உறங்கும் ஊரை அறிந்தவன் அவனே.

கணக்கைப் பொறி போடட்டும். அக்கணக்கில் மனித உயிரையும் சேர்த்தல் மனிதன் பொறுப்பேயாகும்.