சாயத்தின் தீங்கை முன்னறிதல்



ஆரணியின் சாயப்பட்டறைகளில் பட்டுநூற்கழி கொதிக்கும் சாயநீரில் அமிழும்போது, நிறம் நூலில் மட்டுமன்று, தோய்ப்பவரின் கையிலும் ஏறுகின்றது. அது உடலுக்குள் யாது செய்யும் என்பதை அறிய நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது: தொழிலாளி நோயுறும் வரை காத்திருத்தல்.

1895ஆம் ஆண்டில் லுட்விக் ரேன் என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைப் பணியாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டு அறிவித்தார். பென்சிடின் முதலிய அமீன்களே காரணம் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அசோ சாயங்கள் சிலவற்றுள் இவ்வமீன்கள் பிணைந்து மறைந்துள்ளன. குடல் நுண்ணுயிர்களும் கல்லீரலும் அப்பிணைப்பை முறிக்க, மறைந்திருந்தது வெளிப்படும். நோய் தலைகாட்டுவதோ பல்லாண்டு கழிந்த பின்னர்! ஜெர்மனி 1994இல் தடை விதித்தது. இந்திய அரசு 1993, 1997ஆம் ஆண்டுகளின் அறிவிக்கைகளால் 112 சாயங்களைத் தடைசெய்தது. ரேன் கண்டதற்கும் இத்தடைகளுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு. அந்நூறாண்டும் தொழிலாளியின் உடலே சோதனைக்கூடம்.

1970களில் கலிபோர்னியாவின் புரூஸ் ஏம்ஸ் வேறு வழி கண்டார். ஹிஸ்டிடின் என்னும் சத்தின்றி வளரவியலாத சால்மொனெல்லா நுண்ணுயிரோடு ஆய்வுக்குரிய பொருளைச் சேர்ப்பர். அச்சத்து இல்லாத தட்டிலும் அது பெருகி வளர்ந்தால், அப்பொருள் மரபணுவைத் திரிக்கின்றது என்பது பொருள். இரண்டே நாளில் விடை கிட்டும். இதனை உயிர்க்கொலையற்ற சோதனை என்று போற்றுவோர் உளர். அது முழு உண்மையன்று. நுண்ணுயிரும் உயிரே. மேலும், எலியின் கல்லீரற்சாறு அதில் சேர்க்கப்படுவது வழக்கம். எனினும், ஒரு பொருளுக்கே நூற்றுக்கணக்கான எலிகளை ஈராண்டு நஞ்சூட்டி ஆராயும் முறையை நோக்க, இதில் தீங்கு மிகக் குறைவு.

அடுத்த படி கணினி. 2008இல் அமெரிக்க அரசு நிறுவனங்கள் தொடங்கிய டாக்ஸ்21 திட்டத்தில், 1,536 குழிகள் கொண்ட தட்டுகளில் ஏறத்தாழ 10,000 பொருள்களை இயந்திரக்கை வளர்ப்பு உயிரணுக்களின்மேல் சோதித்தது. இத்தகைய தரவுகளைக் கொண்டு, புதிய மூலக்கூறு ஒன்று முன்பே அறியப்பட்ட நச்சுப்பொருளை எவ்வளவு ஒத்துள்ளது எனக் கணினி ஒப்பிடும். குடும்பச் சாயல் பார்ப்பது போன்றதே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 9 வகைத் தீங்குகளில் கணினியின் கணிப்பு ஏறத்தாழ 87 விழுக்காடு சரியாயிற்று. விலங்குச் சோதனையையே மீளச் செய்தாலும் ஒத்த விடை 81 விழுக்காடுதான். பல்லாண்டு கழித்து வரும் புற்றுநோயைக் கணிப்பதில் இத்துணை உறுதி இன்னும் இல்லை.

பட்டே புழுவைக் கொன்று பெறுவதன்றோ என்னும் வினா சமண இல்லங்களில் எழுவதுண்டு. அதற்குத் தனி உரை வேண்டும். இவ்வுரை தோய்ப்பவரின் கையைப் பற்றியது.

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கையில் கவனமின்மையையே முதலில் வைக்கின்றது. தீங்கை அறிய வழியிருந்தும் அறியாதிருப்பது அதனுள் அடங்குமன்றோ என்பதைப் பட்டறை உடையோரும் சேலை வணிகரும் எண்ணுதல் தகும். பெயரில்லாப் பொட்டலத்துக்கு எக்கணினியும் விடை கூறாது. சாயங்களுக்கு ‘சி.ஐ.’ எனத் தொடங்கும் உலகப் பொதுப்பெயரும் எண்ணும் உண்டு. அவற்றைக் கேட்டு, பாதுகாப்புத் தாளையும் பெற்றே சாயம் வாங்கவேண்டும். ஐயம் எழுந்தால் சாயமேற்றிய நூலை அமீன் சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். விடை வரும் வரையிலும், வந்த பின்னரும், கையுறை வேண்டும்.