படக்கதை பயிலக் கடல் கடக்கலாமா?

(கழகத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் நாலு நல்ல வார்த்தை கூறி மாலையுடன் அமர்ந்துவிடுவது எளிது. ஆனால் செயலாளர் அவர்கள் என்னிடம் ஒப்படைத்த பொருள் அவ்வாறானதன்று. நம் விடுதியில் ஐந்தாண்டுகள் தங்கி, இவ்வாண்டு இளங்கலைப் பட்டம் பெற்ற மாணவி ஒருவர் கழகத்தின் கடன் நிதிக்கு விண்ணப்பித்துள்ளார். ஜப்பானிய, கொரிய மக்களின் படக்கதை, இயங்கு சித்திரம், தொலைக்காட்சித் தொடர், பாட்டு ஆகியவற்றை அந்நாடுகளுக்கே சென்று ஆராய வேண்டுமென்பது அவர் விருப்பம். அதற்கு முதற்படியாகச் சென்னையில் தங்கி மொழி கற்பதற்குப் பணம் கேட்கின்றார். நம் கடன் விதியோ மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியப் பயிற்சி என நான்கையே பெயர் சுட்டிச் சொல்கின்றது. ஆட்சிக்குழுவில் இருகருத்து எழுந்தமையால், பொதுவில் பேசும்படி என்னைப் பணித்தனர்.

சென்ற மாதம் அம்மாணவியின் தந்தையார் என் இல்லம் தேடி வந்தார். கட்டடத் தொழிலாளி, சாரத்திலிருந்து இறங்கிய மேனிக்கே வந்திருந்தார். "ஐயா, பொம்மைப் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரு பிள்ளை கடல் தாண்டிப் போகணுமா? நீங்க சொன்னா கேட்கும்" என்றார். அவர் அவ்வாறு நம்பியதற்குக் காரணம் உண்டு. அப்பெண் எட்டாம் வகுப்பில் என்னிடம் வரலாறு பயின்றபோது, நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் ஜப்பானியப் படக்கதை முகங்களாக வரைந்து வைத்திருந்தார். அந்த நோட்டைப் பிடுங்கி என் மேசை அறையில் பூட்டினேன். "இது சோறு போடுமா?" என்று வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துள் மறைத்துப் படித்து வளர்ந்தவன்தான் நானும். ஆசிரியரான பிறகு அது மறந்துபோயிற்று.

அன்பர்களே, முதலில் அந்நாட்டார் இதனை எவ்வாறு கருதுகின்றனர் என்று காண்போம். கியோத்தோ நகரில் 2006ஆம் ஆண்டு பன்னாட்டு மங்கா காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. மங்கா என்பது அவர்களுடைய படக்கதை. ஏறத்தாழ 3 இலட்சம் பொருள்கள் அங்கே தொகுத்துக் காக்கப்படுகின்றன. நகராட்சியும் கியோத்தோ செய்கா பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த நிலையம் அது. அதே பல்கலைக்கழகம் அதே ஆண்டில் மங்காவுக்கெனத் தனிப் புலமே நிறுவியது. 2018 முதல் 2022 வரை அதன் தலைவராயிருந்தவர் உஸ்பி சாக்கோ; ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பிறந்தவர். அயல்நாட்டான் என்று வாயிலில் நிறுத்திவிடாமல் தலைமை இருக்கையிலேயே அமர்த்தினர்.

அக்காட்சியகம் அமைந்துள்ள கட்டடம் என் போன்றோரைத் தனியே ஈர்ப்பது. அது ஒரு தொடக்கப் பள்ளி. 1869இல், ஜப்பானிய அரசு நாடு முழுமைக்கும் கல்வி முறை வகுப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, கியோத்தோ நகரத்துத் தெருமக்கள் தம்முள் பணம் திரட்டி 64 பள்ளிகளை எழுப்பினர். அவற்றுள் ஒன்று தாத்சுயிகே பள்ளி. நகரின் நடுப்பகுதியில் குழந்தைகள் குறைந்து, 1995இல் அது மூடப்பட்டது. பள்ளியை இடித்துக் கடைத்தெரு கட்டாமல் படக்கதைக்குக் கொடுத்தனர். இன்று அதன் புல்வெளியில் சிறுவர்கள் படுத்துக்கொண்டு படிக்கின்றனர். தெருத்தெருவாகச் சென்று நன்கொடை பெற்று இவ்விடுதியை எழுப்பிய மூத்தோர் முன்வரிசையில் அமர்ந்துள்ளனர். அவர்களுக்கு இச்செய்தியின் அருமையை நான் விளக்க வேண்டுவதில்லை.

இனி, என் அறியாமையைக் கூறுகின்றேன். இருபதாண்டுகளுக்கு மேலாக மெய்ஜி மறுமலர்ச்சியைக் கற்பித்து வந்துள்ளேன். இருப்புப்பாதை, கப்பற்படை, அரசியலமைப்பு என்று வரிசையாகச் சொல்வேன். ஜப்பானில் தோல் பதனிடுவோர், விலங்கு அறுப்போர், பிணம் அகற்றுவோர் ஆகியோரைத் தீட்டுடையவர் என்று ஒதுக்கி, தனிச் சேரிகளில் குடியிருத்தியதும், 1871இல் அரசு ஆணையால் அவ்விழிபெயர் நீக்கப்பட்டதும் எனக்குத் தெரியா. எனக்கு அதனைக் கற்பித்தவர் நான் நோட்டைப் பிடுங்கிய அதே மாணவி. அவர் அதனை அறிந்த வழியோ ஒரு படக்கதை!

ஷிராத்தோ சன்பே என்னும் ஓவியர் 1964 முதல் 1971 வரை 'காரோ' என்ற இதழில் 'காமுயி-தென்' என்னும் நெடுங்கதை வரைந்தார். அவ்விதழ் தொடங்கப்பட்டதே பெரும்பாலும் அக்கதைக்காகத்தான். கதைத் தலைவன் காமுயி, ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவன். ஆள்வோரும் உழவரும் ஒதுக்கப்பட்டோரும் எவ்வாறு ஒருவர்மேல் ஒருவர் ஏவப்பட்டனர் என்பதைப் படம் படமாக அவிழ்த்துக் காட்டுகின்றது அது. அறுபதுகளில் கிளர்ந்தெழுந்த ஜப்பானியக் கல்லூரி மாணவர்கள் அதனை விரும்பிப் படித்தனர். நான் பொம்மை என்று இகழ்ந்ததனுள் இருந்தது இது.

அவ்வொதுக்கப்பட்ட மக்களைப் புராக்கு மக்கள் என்பர். ஆணை வந்தும் இழிவு அகலவில்லை. 1872இல் எழுதிய குடும்பப் பதிவேட்டில் 'புதிய பொதுமக்கள்' என்றும் பிறவாறும் குறித்து அடையாளத்தைத் தங்கவைத்தனர். அவ்வேட்டை எவரும் பார்வையிடலாகாது என்று மூடியது 1968இல்தான். 1975இலோ, புராக்கு ஊர்களின் பெயர்களைத் தொகுத்த பட்டியல் நூல்களைக் கம்பெனிகள் இரகசியமாக வாங்கி வைத்திருந்தது வெளிப்பட்டது. வேலைக்கு வருபவன் எந்த ஊரான் என்று பார்த்துத் தள்ளுவதற்காக! "எந்த ஊர், எந்தத் தெரு?" என்ற கேள்வியின் பொருள் இவ்வவையில் எல்லோர்க்கும் தெரியும். 1922 மார்ச் 3ஆம் நாள் அம்மக்கள் கியோத்தோவில் கூடி 'சுயிஹெய்ஷா' என்னும் சமன்மை இயக்கத்தைத் தொடங்கினர். கரிய கொடியில் குருதி நிற முள்முடி அவர்களது சின்னம். புராக்கு மக்கள்மீதான வேறுபாட்டை நீக்குவதற்கென்று தனிச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது.

முழவைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானியரின் 'தைக்கோ' என்னும் பெருமுழவு கோயில் விழாக்களில் முழங்குவது. அதற்குத் தோல் உரித்துப் பதனிட்டு இழுத்துக் கட்டியவை புராக்கு மக்களின் கைகள். முழவு புனிதம், முழவு செய்தவன் தீட்டு! ஒசாக்கா நகரில் நானிவா என்னும் பகுதி முழவுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள இளைஞர்கள் 1987இல் தாமே ஒரு முழவுக் குழு அமைத்து அதற்கு 'இக்காரி' என்று பெயரிட்டனர். சினம் என்பது பொருள். பறையைத் தொடலாமா, எரிக்கலாமா, ஏந்தலாமா என்று நம் வீடுகளில் தந்தைக்கும் மகனுக்கும் நடக்கும் வழக்கை இவர்கள் எவ்வாறு தீர்த்துக்கொண்டனர் என்று நம்மவர் ஒருவர் நேரில் சென்று கேட்டறிந்து எழுத வேண்டாவா?

கொரியாவிலும் இக்கதை உண்டு. அங்கே கசாப்புத் தொழில் செய்தோர் 'பெக்ஜோங்' எனப்பட்டனர். பிறர் அணியும் தொப்பியை அவர்கள் அணியலாகாது. 1894இல் சட்டத்தில் இந்நிலை நீங்கியது, தெருவில் நீங்கவில்லை. ஜின்ஜு என்னும் ஊரில் இ ஹாக்-சான் என்னும் செல்வமுள்ள பெக்ஜோங் தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முயன்றார்; மறுக்கப்பட்டார். அவரும் பிறரும் கூடி 1923இல் 'ஹியோங்பியோங்சா' என்னும் இயக்கம் கண்டனர். கசாப்புக் கடைத் தராசையே சமன்மையின் பெயராக்கினர். ஒரு பள்ளிக்கூட வாயிலில் விழுந்த அடிதான் ஓர் இயக்கமாயிற்று. ஜப்பானிய இயக்கமும் கொரிய இயக்கமும் அக்காலத்தில் ஒன்றோடொன்று உறவு பூண்டன. கொரியா அன்று ஜப்பானின் அடிமை நாடு என்பதை நினைந்தால் இதன் பெருமை விளங்கும்.

கொரியத் தொலைக்காட்சித் தொடர்கள் இவ்வரலாற்றை முற்றிலும் மறைத்துவிடவில்லை. 2003இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'தே ஜாங்-கும்' தொடரில், அரண்மனை மருத்துவச்சியாக உயரும் பெண்ணின் பெற்றோர் பெக்ஜோங் மக்களாக மறைந்து வாழ்கின்றனர். அத்தொடர் நம் தூர்தர்ஷனிலும் இந்தியில் ஒளிபரப்பாயிற்று. 2010இல் வந்த 'ஜேஜுங்வொன்' தொடரின் தலைவன் மருத்துவனாகும் கசாப்புக்காரன் மகன். அவனுக்கு மூலமானவர் மெய்யாகவே வாழ்ந்த பாக் சோ-யாங். 1908இல் சியோல் செவரன்ஸ் மருத்துவப் பள்ளியின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். அவர் தந்தை பாக் சோங்-சுன் 1898இல் தலைநகரில் மக்கள் பேரவையில் எழுந்து நின்று பேசினார். கசாப்புக்காரர் ஒருவர் அமைச்சர்கள் முன் உரையாற்றிய நாள் அது.

எல்லாம் இவ்வாறு உயர்ந்தவை என்று நான் கூறவில்லை. பெரும்பாலானவை காதலும் கண்ணீரும் பணக்கார வீட்டுப் பிள்ளையுமே. நம் படங்களைப் போலத்தான். பாட்டுத் துறையிலோ, சிறுவயதிலேயே பிள்ளைகளைப் பிணைக்கும் ஒப்பந்தங்கள் இருந்தன. 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்துப் பாடகர்கள் வழக்குத் தொடுத்தனர். 2009இல் கொரிய வணிக ஆணையம் 7 ஆண்டு என்று மாதிரி ஒப்பந்தம் வகுத்தது. இரசிகன் இதனைக் கேளாது போகலாம். ஆராய்ச்சி மாணவர் கேட்டே ஆக வேண்டும். இரசிப்பதற்குக் கடன் நிதி வேண்டா. கேள்வி கேட்பதற்கு வேண்டும்.

இது சோறு போடுமா என்ற என் பழைய கேள்விக்கும் விடை கூற வேண்டும். ஒரே ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் வருவாய் 15 இலட்சம் ஹூண்டாய் கார்களை விற்பதற்கு ஈடாகும் என்று 1994இல் கொரியக் குடியரசுத் தலைவரிடம் அறிக்கை தரப்பட்டது. 1999இல் பண்பாட்டுத் தொழிலுக்கென்றே சட்டம் செய்தனர். 2020இல் 'பாரசைட்' ஆஸ்காரின் முதற்பரிசு பெற்றது. அதே ஹூண்டாய்க் கம்பெனி நம் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்கின்றது. அவ்வட்டாரத்தில் கொரியரும் ஜப்பானியரும் தொழில் நடத்துகின்றனர். மொழி அறிந்தவர்க்கு அங்கே வேலையும் உண்டு. அதே 1998இல் தோக்கியோவில் நம் 'முத்து' திரைப்படம் மாதக்கணக்கில் ஓடியது. அவர்கள் நம்மைப் பார்த்து எழுதியுள்ளனர். நாம்தாம் அவர்களை நம் கண்ணால் பார்த்து எழுதவில்லை.

மொழி கடினம் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். கொரிய எழுத்தை 1443இல் சேஜோங் மன்னர் எளிய மக்களுக்கென்றே ஆக்குவித்தார்; கற்றோர் சிலர் அதனை எதிர்த்து விண்ணப்பம் செய்தனர் என்பதும் வரலாறு. இன்று அதில் அடிப்படை எழுத்து 24. ஜப்பானியத்தில் அன்றாட வழக்குக்கென்று அரசு பட்டியலிட்ட சீன எழுத்துகளே 2136, அது மலையேற்றந்தான். ஆயினும் இரண்டிலும் தமிழைப் போலவே வினை இறுதியில் நிற்கும். உருபுகள் பெயரின்பின் ஒட்டும். இதனைக் கொண்டு ஜப்பானியம் தமிழிலிருந்து பிறந்தது என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். ஓனோ சுசுமு என்னும் அறிஞர் தமிழோடு உறவு காட்ட முயன்றார். மொழியியலார் பலர் அதனை ஏற்கவில்லை. கற்பதற்கு ஒற்றுமை உதவும், அவ்வளவு போதும்.

இனிப் பணம். நம் பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இது. ஜப்பானிய அரசு 1954 முதல் அயல்நாட்டு மாணவர்க்கு உதவித்தொகை வழங்கி வருகின்றது. கொரிய அரசும் 1967 முதல் வழங்குகின்றது. பட்ட மேற்படிப்புக்கு முன் ஓராண்டு மொழிப் பயிற்சியும் அதில் அடங்கும். தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்க எந்தத் தரகரும் வேண்டா. நம் மத்திய அரசு தாழ்த்தப்பட்டோர்க்கென நடத்தும் அயல்நாட்டுக் கல்வி உதவித் திட்டமும் உண்டு. ஆனால் அத்திட்ட விதிகளில் 2022இல், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆராய்ச்சிக்கு இடமில்லை என்று திருத்தம் செய்தனர். நம்மைப் பற்றி அயல்நாட்டில் ஆராய அதில் பணம் கிடையாது. அதனாலும் இம்மாணவி கண்ட வழியை நான் வியக்கின்றேன்.

நான் அஞ்சுவது தரகர்களைத்தான். ஜப்பானில் மாணவர்க்கு இசைவு பெற்று வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்ய உரிமை உண்டு. அதைக் காட்டி, "போனவுடன் சம்பாதித்துக் கடனை அடைக்கலாம்" என்று கூறி, மொழிப் பள்ளி என்ற பெயரில் இலட்சக்கணக்கில் வாங்கிவிடுகின்றனர். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் வீட்டுப் பட்டாவை அடகு வைத்துச் சென்றார். இரவெல்லாம் உணவுப் பொட்டலம் கட்டி, பகலில் வகுப்பில் உறங்கி, ஒன்றரை ஆண்டில் திரும்பிவிட்டார். பட்டா இன்னும் திரும்பவில்லை. ஆகவே இங்கேயே மொழி கற்று, இங்கேயே தேர்வெழுதி, உதவித்தொகை கையில் வந்தபின்னரே கப்பலோ விமானமோ ஏற வேண்டும் என்பது என் கருத்து. ஜப்பானிய மொழித் தேர்வு ஐந்து படிகளாகச் சென்னையிலேயே நடைபெறுகின்றது. சென்னையில் கொரிய மொழி வகுப்புகளும் உள்ளன.

ஆட்சிக்குழு உறுப்பினர்களே! 1913இல் பரோடா மன்னரின் உதவியோடு அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் சென்றார். அங்கே 1916இல் அவர் படித்த கட்டுரை சாதியின் தோற்றத்தைப் பற்றியது. மானிடவியல் வகுப்பில் படித்தது. அதனால் என்ன ஊதியம் என்று எவரேனும் அன்று கேட்டிருந்தால் விடை கூறுவது அரிதாயிருந்திருக்கும்.

எனவே கடன் விதியில், நான்கு படிப்புகளின் பெயர்களை அடுத்து, "அயல்மொழி, பண்பாட்டு ஆராய்ச்சி" என்ற சொற்களைச் சேர்க்குமாறு வேண்டுகின்றேன். கேட்கப்பட்டுள்ள தொகை ஓராண்டு மொழி வகுப்புக் கட்டணமும், சென்னையில் தங்கும் செலவும் மட்டுமே. பிணைக் கையெழுத்துக்கு ஆள் இல்லை என்று விண்ணப்பத்தில் ஓரிடம் வெற்றாக உள்ளது. அதில் நான் ஒப்பமிடுகின்றேன். தந்தையார் அதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவரிடம் இன்னும் ஒருமுறை பேச வேண்டும். நோட்டுப் புத்தகத்தை முந்தாநாள் அம்மாணவியிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதில் கை விரல்களைத் தப்பாக வரைந்திருக்கிறேன்" என்றார். டிசம்பர் முதல் ஞாயிறு தேர்வு. அதற்குள் குழு கூடி முடிவு கூறிவிட்டால் நலம்.