வீட்டில் தைத்த கவசம்

கவசம் என்றதும் கர்ணனே நம் நினைவுக்கு வருகிறான். அவனுக்கு அது உடன்பிறந்தது. இக்காலப் படக்கதை வீரர்களுக்கோ இயந்திரமே கவசத்தை ஆக்கித் தருகிறது. இவ்விரு வகையிலும் சேராத வீரன் ஒருவன் அர்ஜென்டினாவில் உண்டு. ‘எல் எட்டர்னௌட்டா’ என்னும் படக்கதையின் நாயகனான ஹுவான் சால்வோவே அவன்.

1957 முதல் 1959 வரை வார இதழொன்றில் தொடராக வந்த இக்கதையை எழுதியவர் ஓஸ்டர்ஹெல்ட். சித்திரம் தீட்டியவர் சோலானோ லோபஸ். புவெனஸ் ஐரிஸ் நகரில் ஓரிரவு பனி பெய்கிறது. அது மேலே பட்டவர் உடனே மாள்கின்றனர். அடைத்த வீட்டுக்குள் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்த சால்வோ பிழைக்கிறான். ஆயினும் உணவுக்காக வெளியே சென்றாக வேண்டுமே! வீட்டிலிருப்போர் கூடி, நீர் புகாத துணியையும் முக்குளிப்போர் முகமூடியையும் கொண்டு அவனுக்கு ஓர் உடையை ஆக்குகின்றனர். பலர் கை சேர்ந்த அவ்வுடையே அவன் கவசம்.

தனியொருவன் அல்லன், கூடி நிற்கும் மக்களே மெய்யான வீரர் என்பது ஓஸ்டர்ஹெல்ட்டின் கொள்கை. இராணுவ ஆட்சியை எதிர்த்த இயக்கமொன்றில் அவர் இருந்தார். 1977-ல் அவ்வாட்சியினர் அவரைக் கவர்ந்து சென்றனர், அவர் மீளவில்லை. அவருடைய நான்கு புதல்வியரும் அக்கொடுமைக்கே இரையாயினர். அவர்களைக் காக்கக் கவசம் ஏதும் இல்லை.

கதையோ அழியவில்லை. 2025-ல் அது திரைத் தொடராகவும் வெளிவந்தது. அந்த எளிய முகமூடியைக் காணும்போது, அதனை அணிந்தவனோடு அதனை ஆக்கியவர்களையும் நாம் நினைவிற் கொள்வோமாக.