கடல் கொண்ட ஊர்கள்

தில்லியின் தென்மேற்கே நம்மவர் பலர் குடியிருக்கும் துவாரகா, கடலில் மூழ்கியதாகப் புராணம் கூறும் நகரின் பெயரைத் தாங்கியது. கடலே காணாத இவ்விடத்துப் பிள்ளைகள் "அந்நகரம் மெய்யாகவே மூழ்கிற்றா?" என வினவினால் நாம் என்ன விடை பகர்வோம்?

குஜராத்தின் துவாரகைக் கடலில் 1980களில் எஸ். ஆர். ராவ் குழுவினர் செதுக்கிய கற்களையும் கல் நங்கூரங்களையும் கண்டனர். அது கண்ணன் நகரே என்றார் ராவ். பிற்காலத் துறைமுகம் என்பர் வேறு சிலர். மெசபொத்தேமியாவில் 'ஊர்' என்றே பெயர்கொண்ட நகரில் (நம் சொல்போல் ஒலிப்பது தற்செயலே) 1929இல் வுல்லி என்பார் பல அடி வண்டலைக் கண்டு, ஊழிவெள்ளம் இதுவே என்றார். அருகிலிருந்த எரிதுவிலோ அவ்வண்டல் இல்லை! ஆயினும் வெள்ளம் தம் ஊரை அழித்தால், அவ்வூரார்க்கு உலகமே அழிந்ததுதான்.

நம் கடல்கோளுக்கு வருவோம். இரு சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடல் கொண்டதென இறையனார் களவியலுரை கூறும். அதனோடு, 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் ஊகித்த இலெமூரியாவை இணைத்துக் கண்டமாக்கியது நம் ஆர்வமே. நிலவியல் அதனை ஏற்கவில்லை. ஆனால் பனியூழி முடிவில் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது மெய். ஈழத்திற்கு நடந்தே சென்ற நிலவழி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் நீருள் மறைந்தது.

அத்துணை நெடிய நினைவு நிலைக்குமா என ஐயுறலாம். 1964 திசம்பரில் தனுஷ்கோடி ஓரிரவில் அழிந்தது. 2004இல் ஆழிப்பேரலை நாகைக் கரையைச் சூறையாடிற்று. கதை பிறக்க ஓரிரவே போதும்.